வளர்ந்த குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது காம்பு வலித்தால்: தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவமான புதிதில் காம்பு வெடித்துப் புண்ணானால், எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்று சொல்லித்தர நர்ஸ் இருப்பார், வீட்டில் அம்மா இருப்பார். எட்டு மாதமோ ஒன்றரை வயதோ ஆன குழந்தைக்குக் கொடுக்கும்போது திடீரென்று வலி வந்தால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போதும், நிறுத்திடு." பாதிப் பேருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. வலியைப் போக்கத்தான் வழி கேட்டிருப்பார்கள். அவர்களுக்காகவே இந்தப் பக்கம்.

இத்தனை மாதம் வலியே இல்லாமல் கொடுத்தேன். இப்போது மட்டும் ஏன்?

ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம். உங்களையே சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். வலி குழந்தை வாய் வைக்கும்போதா, குடிக்கும் நேரம் முழுக்கவா, குடித்து முடித்த பிறகா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? அண்மையில் பல் முளைத்ததா? மாதவிடாய் திரும்பியதா? உங்களுக்கோ குழந்தைக்கோ ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா? வேலைக்குப் போகத் தொடங்கிப் பம்ப் பயன்படுத்துகிறீர்களா? புட்டிப்பால் பழகியதா? சோப்பு, ஈரத் துடைப்பான், உள்ளாடை ஏதாவது புதிதா?

வாய் வைக்கும்போது மட்டும் வலித்து, பிறகு அடங்கினால் பிடிக்கும் விதத்தில் கோளாறு இருக்கலாம். கடைசியில் சுருக்கென்றால் கடி. குடித்து முடித்தபின் எரிந்தால் தொற்றையோ ரத்தக்குழாய் சுருங்குவதையோ யோசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் கூச ஆரம்பித்தால் ஹார்மோன் மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பல் வந்துவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் கடிக்குமா?

கடிக்காது. ஒழுங்காகப் பால் உறிஞ்சும்போது குழந்தையின் நாக்கு கீழ் ஈறுக்கு மேலே நீண்டு, கீழ்ப்பற்களை மூடிக்கொண்டுதான் இருக்கும். முதலில் முளைப்பவை பெரும்பாலும் கீழ் முன்பற்கள் இரண்டும்தான். நாக்கு அவற்றின் மேல் இருக்கும்வரை கடிக்க முடியாது. கடிக்க வேண்டுமென்றால் குழந்தை உறிஞ்சுவதை நிறுத்தி, நாக்கை உள்ளே இழுக்க வேண்டும். அதனால்தான் கடி பெரும்பாலும் பால் குடித்து வயிறு நிறைந்து, விளையாட்டாக வாயில் வைத்திருக்கும் நேரத்தில் விழுகிறது. பால் இறங்கத் தாமதமாகும்போது தொடக்கத்திலேயே கடிப்பதும் உண்டு.

மேல் பற்கள் வந்ததும் காம்பைச் சுற்றிய கருமையான பகுதியில் பல் பதிந்த தடம் தெரியலாம். அது கடி இல்லை. பிடி சரியாக இருந்தாலும் லேசாகப் பதியும். ஒரே இடத்தில் பதியாமல் இருக்க, ஒருமுறை மடியில், ஒருமுறை படுத்துக்கொண்டு, ஒருமுறை கக்கத்துக்கு அடியில் என்று நிலையை மாற்றிக் கொடுங்கள். தடம் இரண்டு மூன்று நாளில் மறையும்.

உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதுவரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்றுதான் சொல்கிறது. இரண்டு வயதில் குழந்தைக்குக் கிட்டத்தட்ட வாய் நிறையப் பல் இருக்கும். பல் வந்தால் பால் நிறுத்த வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

கடித்த அந்த நொடியில் என்ன செய்வது?

வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையும் உடம்பும் தானாக இழுக்கத்தான் பார்க்கும், ஆனால் பல் பதிந்திருக்கும்போது இழுத்தால் தோல் கிழிந்துவிடும். சுண்டு விரலைக் குழந்தையின் கடைவாய் வழியாக ஈறுகளுக்கு நடுவே நுழையுங்கள். பிடி தளர்ந்ததும் காம்பை எடுங்கள், விரல் அதற்குக் காவலாக உள்ளேயே இருக்கட்டும். விரல் நுழைய இடமில்லாமல் இறுகப் பிடித்திருந்தால், குழந்தையின் முகத்தை ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்காகத் தானே வாயைத் திறந்துவிடும். லேசாக, ஒரே கணம்தான். மூக்கைப் பிடிப்பதும் கன்னத்தில் தட்டுவதும் வேண்டாம்.

கத்திவிட்டீர்களா? அது இயல்பு, அதற்காக வருந்தாதீர்கள். ஆனால் வேண்டுமென்றே சத்தம் போட்டுப் பயமுறுத்த வேண்டாம். சில குழந்தைகள் அதில் மிரண்டு, இரண்டு மூன்று நாள் மார்புப் பக்கமே வராது. சில குழந்தைகளுக்கோ அம்மா போடும் சத்தம் வேடிக்கையாகிவிடும், மறுபடி கேட்பதற்காகவே கடிக்கும்.

திரும்பத் திரும்பக் கடிக்கிறான். எப்படி நிறுத்துவது?

இதற்குப் பொறுமை மட்டும் போதாது, கவனமும் வேண்டும். இரண்டு மூன்று நாள் செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, குடிக்கும்போது அவன் முகத்தையே பாருங்கள். உறிஞ்சி விழுங்கும் தாளம் குறைந்து, கண் அங்குமிங்கும் போய், தாடை இறுகி, காம்பு வாயின் நுனிக்கு வழுக்கி வருவது தெரியும். கடி விழுவதற்கு முந்தைய கணம் அதுதான். அப்போதே விரலை நுழைத்து எடுத்துவிடுங்கள். "முடிஞ்சுதா தங்கம், போதும்" என்று சொல்லி மூடிக்கொள்ளுங்கள். கடிப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டே வந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களில் பழக்கம் விட்டுப்போகும்.

கடித்தே விட்டால் அமைதியான, உறுதியான குரலில் "கடிக்கக் கூடாது, அம்மாவுக்கு வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடிக்க ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். ஓரிரு நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி கொடுக்கலாம். எட்டு, ஒன்பது மாதக் குழந்தைக்குச் சொல் புரியாவிட்டாலும் குரல் புரியும், கடித்தால் பால் நின்றுபோகிறது என்பதும் புரியும். கடிக்காமல் குடித்து முடிக்கும்போது கொஞ்சிப் பாராட்டுங்கள். அந்தப் பாராட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பசியில்லாதபோது கட்டாயப்படுத்தி மார்பில் வைத்தாலும் கடிப்பார்கள். இட்லியும் பருப்பு சாதமும் சாப்பிட்டு வயிறு நிறைந்த குழந்தைக்கு, 'குடிக்கும் நேரம்' என்பதற்காகக் கொடுக்கத் தேவையில்லை. மூக்கடைப்பு இருந்தாலும் மூச்சுக்காக அடிக்கடி பிடியை மாற்றும், அப்போது பல் படும். கொடுப்பதற்கு முன் உப்பு நீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்தால் போதும்.

தூக்கத்தில் கடிப்பது தனிக் கதை. காம்பை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தை, ஆழ்ந்து தூங்கும் நேரத்திலோ காம்பு நழுவும்போதோ தாடையை இறுக்கும். விழுங்குவது நின்று, வெறுமனே வாயில் வைத்திருக்கிறது என்று தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு இரவு சிணுங்கும், அப்புறம் பழகிவிடும்.

ஈறு வலிக்கிறது போல. மருந்துக்கடையில் விற்கும் பல் ஜெல் தடவலாமா?

வேண்டாம். மரத்துப்போக வைக்கும் பென்சோகைன் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். அதோடு, நாக்கு மரத்துப்போன குழந்தையால் மார்பைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது.

சுத்தமான பருத்தித் துணியை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துச் சப்பக் கொடுங்கள். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கமும் நல்லது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு விரலால் ஈறைத் தேய்த்துவிடலாம். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு இதைச் செய்தால் கடிக்கும் வேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கடித்துப் புண்ணாகிவிட்டது. அந்தப் பக்கம் கொடுக்கலாமா? என்ன தடவுவது?

தாங்க முடிந்தால் கொடுக்கலாம். வலி குறைவான பக்கத்தில் தொடங்குங்கள். முதல் வேகம் அடங்கி, பால் இறங்கத் தொடங்கிய பிறகு புண்ணான பக்கத்துக்கு மாற்றுங்கள். கொடுப்பதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸைச் சில நிமிடம் வைத்தால் வலி மட்டுப்படும். புண் உள்ள இடம் குழந்தையின் கடைவாய் ஓரத்தில் வருமாறு நிலையை மாற்றிப் பாருங்கள். புண்ணிலிருந்து கொஞ்சம் ரத்தம் பாலோடு போனாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மலம் கறுப்பாகவோ, கக்கும் பாலில் இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால் பயப்படாதீர்கள்.

தாங்கவே முடியவில்லை என்றால் ஒன்றிரண்டு நாள் அந்தப் பக்கத்தைக் கையால் பீய்ச்சி எடுத்துப் பாலாடையிலோ சின்ன டம்ளரிலோ கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தை டம்ளரில் குடிக்கப் பழகும் வயதுதான், புதிதாகப் பால் புட்டி வாங்க வேண்டாம். பீய்ச்சாமல் அப்படியே விட்டால் பால் கட்டிக்கொண்டு இன்னொரு வலி சேரும்.

சருமம் கிழிந்திருந்தால் நாளுக்கு ஒருமுறை மென்மையான சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். குழந்தையின் வாயில் உள்ள கிருமிகள் கடிபட்ட புண்ணில் தங்கக்கூடும். மற்ற நேரங்களில் வெறும் தண்ணீர் போதும். பிறகு சுத்திகரிக்கப்பட்ட லேனோலின் களிம்பை மெல்லிசாகத் தடவலாம், அல்லது உங்கள் பாலையே ஒரு சொட்டு தடவிக் காற்றாட விடலாம். நல்ல தேங்காய் எண்ணெயும் சரிதான். டெட்டால், சாவ்லான் போன்றவை புதுத் தோலையும் அரித்துவிடும். மஞ்சள் பற்று காய்ந்து இறுகினால், வெடிப்பு இன்னும் விரியும். அதை வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் மனத்தாங்கல் வரலாம், இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

கடிக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

அப்படியானால் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். சின்னக் குழந்தையாக இருந்தபோது கவனமாக வாயை அகலத் திறக்க வைத்துக் கொடுத்திருப்பீர்கள். வளர்ந்ததும் அது தானே வந்து, பாதி வாயைத் திறந்து, காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொள்ளும். நின்றுகொண்டு குடிக்கும், ஒரு காலைத் தூக்கும், கதவுப் பக்கம் சத்தம் கேட்டால் காம்பை வாயில் வைத்துக்கொண்டே தலையைத் திருப்பும். மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியதுதான். வயிறோடு வயிறு ஒட்ட, மோவாய் மார்பில் பதிய, வாய் கொட்டாவி விடுவதுபோல் திறந்தால்தான் பால் என்று ஆக்குங்கள். "ஆ காட்டு" என்றால் ஒரு வயதுக் குழந்தை காட்டும். கலகலப்பான கூடத்தை விட்டு, விளக்கு மங்கலான அறையில் கொடுத்துப் பாருங்கள்.

குழந்தை சாப்பிடும் உணவும் காரணமாகலாம். ரசம் சாதமோ தக்காளிச் சட்னியோ ஆரஞ்சோ சாப்பிட்ட வாயோடு நேராக மார்புக்கு வந்தால், புளிப்பும் காரமும் காம்பில் எரிச்சல் தரும். சிலருக்கு அந்த இடம் சிவந்து அரிக்கும். இரண்டு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, உதட்டைத் துடைத்துவிட்டுப் பிறகு பால் கொடுங்கள்.

இன்னொன்று: ஒரு பக்கம் குடித்துக்கொண்டே மறு பக்கக் காம்பைத் திருகுவது. இது பல தாய்மார்களுக்குக் கடியைவிடப் பெரிய தொல்லை. அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கைக்கு வேறொன்று கொடுங்கள்: துணிப் பொம்மை, உங்கள் முந்தானை நுனி, கெட்டியான நூலில் கோத்த பெரிய மர மணி மாலை. தாலிச் சரட்டைக் கொடுக்கிறவர்கள் அதில் மாட்டியிருக்கும் ஊக்குகளை முதலில் கழற்றிவிடுங்கள். நகத்தையும் வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள்.

மாதவிடாய் திரும்பியதிலிருந்து மாதத்தில் சில நாள் கூசுகிறது. இது சகஜமா?

சகஜம்தான். கருமுட்டை வெளிவரும் நாளிலிருந்து மாதவிடாய் தொடங்கும்வரை, அல்லது அதில் சில நாட்கள் மட்டும், காம்பு கூசும். பாலும் கொஞ்சம் குறையலாம், பால் குறைவதால் குழந்தை இழுத்துக் குடிக்கும், அதனால் வலி கூடும். சில நாட்களில் தானே போய்விடும்.

மாதவிடாய் திரும்பவே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் திடீரென்று கூசுகிறது என்றால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காது என்பதை நம்பி இருக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு மூன்றும் சேர்ந்திருந்தால்தான்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவரும் என்பதால், மாதவிடாயையே பார்க்காமல் மறுபடி கர்ப்பமாகிறவர்கள் உண்டு.

கர்ப்பம் என்று தெரிந்தாலும் உடனே நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ரத்தக் கசிவு, முன்பு குறைமாதப் பிரசவம், இரட்டைக் கரு போன்றவை இருந்தால் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் இந்த வலிக்குக் களிம்பு உதவாது, ஹார்மோனால் வருவது. ஒவ்வொரு முறையும் பத்து எண்ணும்வரை மட்டும், அல்லது ஒரு பாட்டு முடியும்வரை மட்டும் என்று நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

குடித்து முடித்த பிறகும் எரிகிறது, காம்பு பளபளவென்று சிவந்திருக்கிறது.

பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதுவும் அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால். குழந்தையின் கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கில் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். பிட்டத்தில் சிவந்த தடிப்பும் இருக்கலாம். அப்படி என்றால் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். மருந்தை மருத்துவர் எழுதித் தரட்டும். வாயில் போடும் பொம்மைகளையும் பம்ப் பாகங்களையும் தினமும் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

எல்லா எரிச்சலையும் பூஞ்சை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சொரசொரப்பாக, அரிப்போடு, நீர் கசிந்தால் அது சரும ஒவ்வாமையாக இருக்கலாம். காரணம் புது சோப்பாக இருக்கலாம், சில நேரம் நீங்கள் தடவும் லேனோலினாகவே இருக்கலாம். குழந்தைக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வரும் தொற்று இருந்தால் உங்கள் காம்பிலும் வரக்கூடும். காம்பிலோ அதைச் சுற்றியோ கொத்தாக, வலியுள்ள நீர்க் கொப்புளங்கள் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுப்பதை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருந்தால் குழந்தைக்கு ஆபத்து.

குடித்து முடித்ததும் காம்பு வெள்ளையாக மாறி, குத்துவதுபோல் வலிக்கிறது.

குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் வருவது. வெள்ளை, பிறகு நீலம், பிறகு சிவப்பு என்று நிறம் மாறும். ஏசி அறையிலும், குளித்துவிட்டு ஈரத்தோடு மின்விசிறிக்கு அடியில் நின்றாலும் அதிகமாகும். குழந்தை வாயை எடுத்ததும் உடனே மூடிக்கொண்டு, உள்ளங்கையாலோ சூடான உலர்ந்த துணியாலோ கதகதப்பு கொடுங்கள். இதற்கு ஐஸ் ஆகாது. புகையிலை வேண்டாம், காபியையும் குறைத்துப் பாருங்கள். தினமும் வந்தால் மருத்துவர் நிஃபெடிபின் போன்ற மாத்திரை தருவார், பால் கொடுத்துக்கொண்டே அதைச் சாப்பிடலாம்.

காம்பு நுனியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. ஊசியால் குத்தலாமா?

கூடாது. குத்தினால் புண்ணாகித் தழும்பாகிவிடும், மறுபடி அடைத்துக்கொள்ளும். தொடர்ந்து கொடுங்கள், நாளாக ஆகத் தானே போகும். போகாவிட்டால் தடவ மருந்து இருக்கிறது, மருத்துவர் தருவார்.

வேலைக்குப் போக ஆரம்பித்துப் பம்ப் பயன்படுத்துகிறேன். அதிலிருந்துதான் வலி.

2017 சட்டத் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரம் ஆனது. பிரசவத்துக்கு முன்பே சில வாரம் எடுத்தவர்கள், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போதே வேலைக்குத் திரும்புகிறார்கள். வலியும் அங்கேதான் தொடங்குகிறது. பல பம்புகளோடு வரும், மார்பில் பொருத்தும் புனல் 24 மி.மீ. அளவுள்ளது, அது எல்லோருக்கும் பொருந்தாது. காம்பு குழாயின் சுவரில் உரசாமல் முன்னும் பின்னும் போக வேண்டும், சுற்றியுள்ள கருமையான தோல் உள்ளே நிறைய இழுபடக் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் அளவை மாற்றுங்கள். உறிஞ்சும் வேகத்தை அதிகம் வைத்தால் அதிகப் பால் வரும் என்பது தவறு. வலிக்காத அளவில் வைத்தால்தான் பால் நன்றாக இறங்கும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம். வெளியூர்ப் பயணத்தில், 2015 முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் அமைக்கப்பட்ட பாலூட்டும் அறைகளைப் பயன்படுத்துங்கள். அவசரத்தில், குனிந்தபடி, முந்தானைக்குள் அரைகுறையாகப் பிடிக்க வைத்துக் கொடுப்பதாலேயே பலருக்குக் காம்பு வெடிக்கிறது.

வலிக்கு மாத்திரை போடலாமா?

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பால் கொடுக்கும்போது சாப்பிடலாம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களும் ஐபுபுரூஃபனைத் தவிர்க்க வேண்டும்.

இந்த வலியோடு ஏன் கொடுக்கிறாய், வேப்பெண்ணெய் தடவி மறக்கடித்துவிடு என்கிறார்கள்.

நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் முடிவு. களைத்துப்போய், போதும் என்று நினைத்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும் நாளில் அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் வலியைச் சரிசெய்யுங்கள், பிறகு யோசியுங்கள்.

வெடித்த காம்பில் வேப்பெண்ணெயும் மிளகாயும் தடவினால் எரிவது உங்களுக்குத்தான். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கமும் உண்டு. அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது. பிரசவமான பெண்களிடம் வேலூரில் அதை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே பாலைத் தொடர நினைப்பவர்கள் வலிக்கு இதமாக இருக்கும் என்று பூவைக் கட்ட வேண்டாம்.

நிறுத்துவதாக முடிவெடுத்தால் ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாளுக்கு ஒரு வேளை என்று குறையுங்கள். பகல் வேளைகளை முதலில் விட்டு, தூங்கும் நேரத்துப் பாலைக் கடைசியாக விடுவது இருவருக்கும் சுலபம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், மார்பில் ஒரு பகுதி சிவந்து கெட்டிப்பட்டு வலிப்பது: இதில் எது வந்தாலும் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள். அதுவரை ஐஸ் ஒத்தடம் கொடுத்து, குழந்தை கேட்கும்போதெல்லாம் வழக்கம்போல் கொடுங்கள். அழுத்தித் தேய்த்துக் கட்டியைக் கரைக்கப் பார்ப்பதும், காலி செய்வதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சுவதும் வீக்கத்தை அதிகமாக்கும் என்று, தாய்ப்பாலூட்டல் குறித்த மருத்துவர்கள் அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. நம் வீடுகளில் செய்வது இதற்கு நேர் மாறாக இருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

புண்ணில் சீழ் வைத்தாலோ, ஒரு வாரமாகியும் ஆறாவிட்டாலோ காட்டுங்கள். ஒரே பக்கக் காம்பில் மட்டும் சொரசொரப்பும் அரிப்பும் புண்ணும் களிம்பு போட்டும் சில வாரமாகப் போகாமல் இருந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டாலோ, குழந்தை குடித்த பிறகும் கரையாத கட்டி தென்பட்டாலோ தள்ளிப் போடவே கூடாது. பால் கொடுக்கும் பெண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம், அதில் ஒரு வகை காம்புத் தோலில் சொறி போலத்தான் தொடங்கும்.

ஆலோசனைக்கு மட்டும் என்றால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், குழந்தைக்கு எத்தனை வயது, இன்னும் பால் குடிக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை பால் குடிக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். சொன்னால்தான் அதற்கு ஏற்ற மருந்தை எழுதுவார்.